மணல் நிரப்பிய கால்சட்டை

பதினோரு வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்த மனிதருக்கு அந்த இருக்கையின் மேல் எவ்வளவு பாசம் இருக்கும் என்று கேட்டால் வண்டியண்ணன் சிரிப்பார். அதில் இன்னொருவர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் சிரிக்கமாட்டார். உட்கார்ந்தது அவருடைய சொந்த மனைவி. அதனால் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

அது ஒரு பெரிய மருத்துவமனை. நான்கு கட்டிடங்கள், அவற்றைச் சுற்றிலும் புல்வெளி. வாசலுக்கு நேரே சமதரை. இரண்டாம் வார்டின் ஜன்னல்களுக்குக் கீழே ஒரு சரிவு; அது ஓரக்கல்லில் போய் முடியும், அதற்கப்பால் வேலிச்செடி. இத்தனையையும் வெட்டுவதற்கு ஒரே ஒரு வண்டி இருந்தது. காருக்கு இருப்பதுபோல் ஸ்டியரிங், ஒரு சீட், வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு, வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் துப்பும் அகலமான வாய். சிவப்பு நிறம் வெளுத்துப் போயிருந்தது. அதை ஓட்டியதால்தான் அவருக்கு வண்டியண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவர் வண்டி ஏறுவதையும் இறங்குவதையும் நோயாளிகள் ஜன்னலோரம் நின்று பார்ப்பார்கள். ஏறுவதற்கு முன் கையில் ஒரு பையோடு புல்வெளி முழுவதும் நடப்பார். கல், கம்பித்துண்டு, உடைந்த கிளை, யாரோ வீசிய பாட்டில் மூடி எல்லாம் பைக்குள் போகும். "பிளேடுல பட்ட கல்லு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அது நோயாளி, டாக்டர்னெல்லாம் பார்க்காது" என்பார். என்ஜின் ஆயிலை அளவுக் கம்பியால் பார்ப்பார். டயரை விரலால் அமுக்குவார். என்ஜின் சூடாக இருந்தால் பெட்ரோல் ஊற்றமாட்டார். ஆறும்வரை பக்கத்தில் கைகட்டி நிற்பார். புல் ஈரமாக இருந்தால் மேற்பார்வையாளரே வந்து நின்றாலும் வண்டி வெளியே வராது. சரிவில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலேதான் போவார். குறுக்கே ஓட்டி வண்டியைச் சாய்த்ததாக அவர்மேல் ஒரு புகாரும் கிடையாது.

இறங்குவதுதான் உச்சக்கட்டம். பிளேடு லீவரைத் தூக்குவார். பிரேக்கை மிதித்துப் பூட்டுவார். சாவியைத் திருப்பி, உருவி, சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டு தட்டுவார். பிறகு நேரே பார்த்தபடி பத்து எண்ணுவார். அதற்குப் பிறகுதான் கால் தரையில் படும். யானை மேலிருந்து ராஜா இறங்குகிற மாதிரி இருக்கும்.

அந்த ராஜாவுக்குப் பின்னால் பதினோரு வருடமாக நீளப் பல் வைத்த வாரியோடு நடந்து, வண்டி துப்பிய புல்லைக் கூட்டிக் குவித்தவள் அவர் மனைவி. ஒல்லியான உடம்பு, நாற்பத்து மூன்று கிலோ. அவர் தொண்ணூற்றைத் தாண்டியவர். இருவரும் சேர்ந்து நடந்தால் வாசல் காவலாளி, "அண்ணே, நிழலை முன்னாடி விட்டுட்டு வர்றீங்களா?" என்பான். கேட்டதையெல்லாம் நான்கு கட்டிடங்களுக்கும் ஒலிபரப்புகிறவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

ஒரு நாள் வண்டியண்ணனுக்கு இடுப்பு பிடித்தது. அடுத்த வாரம் வலி காலில் இறங்கியது. எந்த டாக்டரின் ஜன்னலுக்குக் கீழே அவர் புல் வெட்டினாரோ அதே டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகெலும்புல ஒரு தட்டு நகர்ந்திருக்கு. இனிமே அந்த வண்டியோட அதிர்வு உங்களுக்கு ஆகாது. ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது."

"கொஞ்ச நாளைக்கா டாக்டர்?"

"எப்பவுமே."

அந்த ஒரு சொல்லில் அவருடைய யானை போய்விட்டது.

அவரைக் கருவி அறையில் உட்கார வைத்தார்கள். வாரிகள், மண்வெட்டிகள், சாவிகளைக் கொடுத்து வாங்குவதும் பிளேடுகளை அரம் போட்டுத் தீட்டுவதும் வேலை. அறையின் ஜன்னல் சரிவைப் பார்த்து இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாவது நாள் ரேடியோ வந்து ஜன்னலில் சாய்ந்தான்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? சார் எல்லாரையும் நிறுத்தி, வண்டி ஓட்ட யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. ஒரு பய வாயைத் திறக்கல. அண்ணி கையைத் தூக்கிட்டாங்க."

"எந்த அண்ணி?"

"உங்களுக்கு எத்தனை வீடு இருக்கு? நம்ம அண்ணிதான்."

அன்று மாலை வீட்டில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "யாரைக் கேட்டுக் கையைத் தூக்கின?"

"சார் கேட்டாருங்க, தூக்கினேன்."

"உனக்கு என்ன தெரியும் அந்த வண்டியைப் பத்தி?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பதினோரு வருஷமா பின்னாலயே நடந்திருக்கேன். எந்த இடத்துல திருப்புவீங்க, எங்க வேகம் குறைப்பீங்க எல்லாம் தெரியும். வெளியாள் கைக்குப் போறதுக்கு நம்ம வீட்லயே இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

நம்ம வீட்லயே என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. கைக்குப் போறது என்றது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவள் ஓட்டினாள். முதல் நாளே புல்லில் வெட்டிய வரி நேராக வந்தது. இரண்டாம் வார்டு நர்ஸ் ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். அந்த நர்ஸ் பல வருடமாக ஆட்டுகிறவள்தான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கக் கூடாது என்பது வண்டியண்ணனின் சட்டம் என்பதால் அவர் ஒருமுறையும் பதிலுக்கு ஆட்டியதில்லை. அவர் மனைவியோ ஆட்டினாள். நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். கருவி அறையில் அரம் பிளேடு மேல் ஒரு இழுப்பு தப்பாக இழுத்தது.

அந்த வாரமே அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. வண்டியக்கா.

சமையற்கூடத்துப் பெண் ஒருத்தி மண்வெட்டி கேட்டு வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். "நீங்கதான் வண்டியக்கா வீட்டுக்காரரா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பதினோரு வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயர். மனைவி அதை ஒரு வாரத்தில் எடுத்து உடுத்திக்கொண்டாள். அவருக்கு மிஞ்சியது வாசல் பலகையில் எழுதுகிற மாதிரி ஒரு வீட்டுக்காரர் பட்டம். அன்று அவர் நெஞ்சில் பற்றியது சாதாரண நெருப்பு இல்லை. அது புகையவில்லை, சத்தமும் போடவில்லை, உள்ளேயே எரிந்தது.

அந்த நெருப்புக்கு இரண்டாவது வாரம் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது. முதல் வாரம் முழுக்கச் சமதரை; சரிவுக்குப் போனதும் வண்டி நிற்கத் தொடங்கியது.

மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் என்ஜின் 'புஸ்' என்று அணைந்தது. அவள் மறுபடி கிளப்புவாள். நாலு அடி போகும். ஒரு குலுக்கல், மறுபடி புஸ். வண்டியண்ணன் ஜன்னலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். முதல் நாள் ஏழு. மறுநாள் பன்னிரண்டு. ஒவ்வொரு புஸ்ஸும் அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சீட்டுக்கு அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால் சீட் அதை அமுக்கிக்கொண்டிருக்கும், என்ஜின் ஓடும். ஆள் விழுந்தாலோ எழுந்தாலோ சீட் மேலே வரும், என்ஜின் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு அவர்மேல் ஏறாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. சீட்டைத் தாங்குவது ஒரு ஸ்பிரிங். பல வருடம் முன்பு, தன் எடைக்குச் சீட் தரைதட்டுகிறதே என்று அந்த ஸ்பிரிங்கின் போல்ட்டை இரண்டு சுற்று இறுக்கியவர் அவர்தான். இப்போது அந்த இறுகிய ஸ்பிரிங் மேல் நாற்பத்து மூன்று கிலோ உட்கார்ந்தால், சின்னக் குலுக்கலுக்கும் சீட் மேலே எழும்பிவிடும். இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். ஒரு ஸ்பேனர், ஒரு நிமிடம்.

அவர் சொல்லவில்லை.

மெக்கானிக் வந்தார். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், காற்று வடிகட்டியைத் தட்டினார், பெட்ரோலை முகர்ந்து பார்த்தார். பிறகு தானே ஏறிச் சரிவு முழுக்க ஓட்டினார். ஒருமுறைகூட நிற்கவில்லை. எப்படி நிற்கும்? மெக்கானிக் வண்டியண்ணனைவிட ஒரு சுற்று பெருத்தவர்.

"வண்டி ஒரு குறையும் இல்லாம இருக்கு சார். ஓட்டுற ஆளுக்குத்தான் பயம். பயத்துல கையைக் காலை எங்கயாவது வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாருங்கம்மா. சரிவு முழுசா முடியணும். இல்லைன்னா வெளியிலிருந்து ஒரு ஆளைப் போட்டுக்கறேன். நீங்க பழையபடி வாரியை எடுத்துக்கலாம்."

"சரி சார்" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த கணவருக்கு அது கேட்டது. கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு மனிதனின் மனதுக்குள் இவ்வளவு பெரிய கதவு இருக்கும், அதற்கு இவ்வளவு பெரிய பூட்டு இருக்கும் என்று அவரே அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் வியாழன். பத்து மணித் தேநீருக்குக் கருவி அறை வாசலில் எல்லாரும் கூடினார்கள். ரேடியோ ஆரம்பித்தான்: "அண்ணி, இன்னிக்கு எத்தனை தடவை நின்னுச்சு? நோயாளிங்க எல்லாம் பந்தயம் கட்டுறாங்க."

அவள் சிரித்துச் சமாளித்தாள். பிறகு எல்லார் முன்னாலும் கணவரிடம் கேட்டாள்: "நீங்களாவது சொல்லுங்களேன். என்னதாங்க குறை?"

பத்துப் பேர் பார்த்தார்கள். அவர் தேநீரை ஆற்றினார், ஒரு வாய் குடித்தார்.

"குறை வண்டியில இல்ல. உன் உடம்புல இருக்கு. அந்த சீட் ஆம்பளை எடைக்குப் பழகினது. எடை பத்தலைன்னா ஒரு மூட்டை மணலைத் தூக்கி வச்சுக் கட்டிக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. அது எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் அவள் கேட்டாள்: "எவ்வளவு மணல் வேணும்?"

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. முகத்தை மாற்றாமல், "ஒரு ஆள் எடைக்கு" என்றார்.

"நல்லா இழுத்துக் கட்டணுமா?"

"ஆமா. அசையாம இருக்கணும்ல."

பதினோரு வருடத்தில் அவர் அந்த வண்டியைப் பற்றி விளையாட்டாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் சொன்னபடி செய்து ஒருமுறையும் தப்பானதில்லை. கேலி செய்கிறவரின் குரலுக்கும் கற்றுக்கொடுக்கிறவரின் குரலுக்கும் வித்தியாசம் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய துணி மூட்டையை இழுத்து எதையோ எடுத்து ஊசியில் நூல் கோத்தாள். ஜன்னல் திரை தைக்கிறாள் போல என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். ஒன்பது மணிக்கு விட்டது. புல் நனைந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் காத்திருப்பாள். மறுநாள் சனிக்கிழமை என்பதால் வண்டியை எடுத்தாள்.

கருவி அறையில் அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மேடு. நிற்கவில்லை. இரண்டாவது பள்ளம். நிற்கவில்லை. அரை மணி நேரம் என்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. அவர் விரல்கள் மடங்கக் காத்திருந்து ஓய்ந்துபோயின. எப்படி? யார் சொல்லிக்கொடுத்தது? மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டானா? தன்னிடம் மட்டும் இருந்த கடைசி ரகசியத்தையும் இவள் கேட்காமலே எடுத்துக்கொண்டாளா? எட்டிப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது சத்தம் மாறியது. ஈரப் புல் துப்பும் வாயில் அடைத்துக்கொண்டால் என்ஜின் இப்படித்தான் தொண்டை கட்டின மாதிரி முனகும். சரி, இறங்குவாள், என்ஜின் நிற்கும், புல்லை எடுத்துப் போடுவாள் என்று நினைத்தார்.

என்ஜின் நிற்கவில்லை.

அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

சரிவின் மேல் பாதியில் வண்டி நின்றது. அவள் இறங்கிப் பக்கத்தில் நின்றாள், காதில் இரைச்சலைத் தடுக்கும் மூடி. பிளேடு சுழல்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலை இல்லை, கை இல்லை. இடுப்பும் இரண்டு கால்களும் மட்டும். காக்கிக் கால்சட்டை. முழங்காலில் அவர் கையால் போட்ட ஒட்டு. அவருடைய பழைய கால்சட்டையேதான். நுனிகளைத் தைத்து, இடுப்புவரை மணல் நிரப்பி, கயிற்றால் சீட்டோடு சேர்த்து அடிச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தாள். காலையிலிருந்து அவள் அவர் மடியில் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டியிருக்கிறாள்.

மறுநொடி அவருக்கு எல்லாம் விளங்கியது. கயிறு சீட்டை அமுக்கியிருக்கிறது. சீட் சுவிட்சை அமுக்கியிருக்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று வண்டி நம்பிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் அவள் எழுந்த மறுகணமே என்ஜின் அணைந்ததால், லீவரைத் தூக்குவதும் சாவியை உருவுவதும் அவளுக்குப் பழக்கமே ஆகவில்லை. எழுந்தால் பிளேடு நிற்கும். அவள் அறிந்தது அவ்வளவுதான். முன்பெல்லாம் அடைத்த புல்லைக் கையால் பிடுங்கிப் போட்டவள், இப்போதும் குனிகிறாள்.

"கை வைக்காதே!"

கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்?

ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர் ஓடினார். நாற்பதடி தூரம். ஒவ்வொரு அடியும் இடுப்பில் கத்தியாக ஏறியது. "ஒரு போல்ட், ரெண்டு சுத்து" என்று அவர் வாய் தன்னால் முணுமுணுத்தது. அவள் கை நீண்டது. விரல் நுனிக்கும் அந்த வாய்க்கும் ஒரு சாண். ஈரப் புல்லில் அவர் கால் வழுக்கியது. தொண்ணூறு கிலோ உடம்பு முழங்காலில் விழுந்து, பிறகு முகத்தில் விழுந்தது.

அவர் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை, விழுந்தது தெரிந்தது. தரை அதிர்ந்ததோ, ஓரக்கண்ணில் பட்டதோ, அவள் நிமிர்ந்தாள். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டு கணவரிடம் ஓடி வந்தாள்.

அவள் இரண்டடி நகர்ந்திருப்பாள். அரைகுறையாக விழுந்திருந்த பிரேக் பூட்டு 'டக்' என்று விடுபட்டது. கியரிலேயே நின்ற வண்டி கிளம்பிவிட்டது. மணல் கால்சட்டை நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஓட்டுகிறவர் யாரும் இல்லாமல், சரிவில் கம்பீரமாக இறங்கியது. இரண்டாம் வார்டின் ஜன்னல்கள் எல்லாம் நிரம்பின. வண்டி ஓரக்கல்லில் மோதி ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. கயிறு நழுவியது. ஒரு கால் சரிந்து பிளேடுப் பக்கம் போய்க் கிழிந்து, மணல் வானத்துக்கு எகிறியது. பாரம் சரிந்ததும் சீட் மேலே எழுந்தது. சீட் எழுந்ததும் என்ஜின் நின்றது. அந்த நகம் அளவு சுவிட்ச் அன்றைக்குத்தான் தன் வேலையைச் செய்தது.

அவள் காது மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள். "என்னங்க, ஏன் ஓடி வந்தீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"கையைக் காட்டு."

"என் கைக்கு என்ன?"

"காட்டுன்னு சொல்றேன்ல."

காட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். பத்து. நம்பாமல் மறுபடி எண்ணினார். இரண்டாவது தடவை ஆறாவது விரலுக்கு மேல் அவரால் எண்ண முடியவில்லை. முகத்தைப் புல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உன்னை யாரு இதைக் கட்டச் சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க. ஒரு ஆள் எடைன்னு" என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல். "வேற யாரோட பேண்டையாவது வச்சுக் கட்ட முடியுமா?"

மேற்பார்வையாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னால் ரேடியோ.

"யாரும்மா வேலை இது?"

"நானா கட்டினது சார். எனக்குத் தெரியல" என்றாள் உடனே.

"பொய் சொல்றா சார்" என்றார் வண்டியண்ணன், படுத்தபடியே. "கட்டச் சொன்னது நான். அது மட்டுமில்ல. வண்டி ஏன் நிக்குதுன்னு எனக்கு முதல் நாள்லயே தெரியும். சீட்டுக்கு அடியில ஒரு போல்ட். ரெண்டு சுத்து தளர்த்தினா போதும். நான் சொல்லல."

"ஏன்யா சொல்லல?"

அவர் அவள் கையைப் பார்த்தார்.

"வயித்தெரிச்சல் சார்."

ரேடியோ வாயை மூடிக்கொண்டு நின்றான். அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அவள் அவர் தலைக்கு அடியிலிருந்து மெதுவாகத் தன் மடியை எடுத்துக்கொண்டாள். எழுந்து சரிவில் இறங்கிப் போனாள். கிழிந்த கால்சட்டையை எடுத்து மணலை உதறினாள். அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், மருந்து நேரத்துக்கு நீட்டினாள். ஒரு சொல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை தட்டை எடுக்கும்போது மட்டும் கேட்டாள்: "கை போயிருந்தா, தினமும் எந்த முகத்தை வச்சுக்கிட்டு எனக்கு ஊட்டி விட்டிருப்பீங்க?"

அவர் அழுதார். அவள் சமாதானப்படுத்தவில்லை, தட்டைக் கழுவப் போனாள்.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. வண்டியைப் பழுது பார்க்க வைத்து, சனிக்கிழமைக் கெடுவை அடுத்த புதனுக்கு மாற்றினார். வண்டியண்ணனை அழைத்து ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, "நீங்களே தளர்த்திக் கொடுங்க" என்றார்.

திங்கட்கிழமை அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனார். சாவியை உருவி, என்ஜினின் பிளக் வயரையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார். முதல் சுற்று சுலபமாக வந்தது. இரண்டாவது சுற்றில் பாதியில் கை நின்றது. அரைச்சுற்று மிச்சம் வைத்தால் வாரத்தில் ஒருமுறையாவது நிற்குமே என்று அந்தக் கை யோசித்தது. அவர் தன் கையையே ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மீதியையும் திருப்பினார்.

"ஏறி உட்காரு."

உட்கார்ந்தாள். வயரை மாட்டிச் சாவியைக் கொடுத்தார். கிளப்பினாள்.

"இப்ப எழுந்திரு."

எழுந்தாள். என்ஜின் அணைந்தது.

"இது நீ விழுந்தா உன்னைக் காப்பாத்த இருக்கிறது. வண்டியை நிறுத்துறதுக்கு இல்ல. நிறுத்துறது லீவர், பிரேக், சாவி. சாவி உன்கிட்ட இருந்தாத்தான் பிளேடு செத்துச்சுன்னு அர்த்தம். உருவி, பைல போட்டு, பத்து எண்ணிட்டு இறங்கு."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவள் அவரிடம் சாதாரணமாகப் பேசினாள்: "எந்தப் பைல போடச் சொல்றீங்க?"

அவர் பார்த்தார். பெண்களுக்குக் கொடுத்த வேலைக் கோட்டில் பையே இல்லை. பதினோரு வருடம் தன் பையைத் தட்டித் தட்டி இறங்கினவர், பின்னால் நடந்தவளின் கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீங்க அதைத் தட்டுறதெல்லாம் ஒரு கெத்துக்குன்னு நினைச்சேன்" என்றாள்.

"கொஞ்சம் கெத்தும்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை அவர் கிழிந்த கால்சட்டையிலிருந்து ஒரு பையை மட்டும் வெட்டியெடுத்து அவள் கோட்டில் தைத்தார். நீல நிறக் கோட்டில் காக்கிப் பை. தையல் கோணல்மாணலாக வந்தது. உள்மூலையில் கொஞ்சம் மணல் இன்னும் இருந்தது. எவ்வளவு தட்டியும் போகவில்லை.

புதன்கிழமை வெயில் அடித்தது. புல் காய்ந்திருந்தது. சரிவு முழுவதும் ஒருமுறைகூட நிற்காமல் வெட்டி முடித்தாள். நர்ஸ் கையை ஆட்டினாள். இவள் ஸ்டியரிங்கை விடாமல் தலையை மட்டும் அசைத்தாள். கடைசி வரி முடிந்ததும் லீவரைத் தூக்கினாள். பிரேக்கைப் பூட்டினாள். சாவியை உருவிக் காக்கிப் பையில் போட்டு ஒரு தட்டு தட்டினாள். நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் அவர் உதடும் கூடவே எண்ணியது. எட்டு, ஒன்பது, பத்து. அவள் காலைத் தரையில் வைத்தாள்.

அவள் உயிரோடு, பத்து விரலோடு, பத்திரமாக இறங்கினதைப் பார்த்து அவர் நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைந்த நெஞ்சின் ஓரத்தில் ஏதோ ஒன்று இன்னும் கருகிக்கொண்டுதான் இருந்தது.

ரேடியோ தேநீர்க் குவளையை நீட்டினான். "வண்டியக்கா வீட்டுக்காரரே, இந்தாங்க. என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"மூணாவது வரியைப் பாரு. கோணலா வெட்டியிருக்கா."

ரேடியோ ஜன்னல் வழியாக எட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எங்கண்ணே? நூல் பிடிச்ச மாதிரி நேராத்தானே இருக்கு."

வண்டியண்ணன் தேநீரை ஆற்றினார். நேராகத்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

"கோணல்தான். நீ சரியாப் பாரு" என்றார்.